ஓட்டக்காரர் ஜெகதீசன்: திடலிலும் திடலை விட்ட பிறகும்



கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் விளையாட்டுப் போட்டி நடந்தது. சுற்றிலும் செம்பனை மரங்கள், நடுவே ஒரு திடல். சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைக்கு மூலை கொடி நட்டிருந்தார்கள். 200 மீட்டர் ஓட்டத்தில் ஒரு பையன் மற்ற பிள்ளைகளை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு முதலில் வந்து நின்றான். அவன் தகப்பனார் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் நன்றாக ஓடுகிறானே, விட்டுவிடாதீர்கள்" என்றேன். அவர் சிரித்தார். "நல்லாத்தான் ஓடுறான், வாத்தியாரய்யா. ஆனா ஓட்டம் சோறு போடுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் குற்றம் இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, வெயில் ஏறும்வரை குலை வெட்டி, வண்டிப் பாதைக்குச் சுமந்து வந்து போடுகிறவர் வேறு எதைக் கேட்பார்? விளையாட்டினால் வரும் பேரும் புகழும் எத்தனை நாளைக்கு, அது முடிந்த பிறகு என்ன என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு உபதேசமாகப் பதில் சொல்வதைவிட, ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பெயர் டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன். 1960-களில் இந்த நாட்டில் அவர் பெயரைக் கேளாத காது இல்லை. "பறக்கும் டாக்டர்" என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜெகதீசன் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அல்லர். 1943-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பேராக் மாநிலத்தில் கோலகங்சாரில் பிறந்தவர். தந்தையார் மாணிக்கவாசகம் திடல்தட விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர். ஆகவே ஓடுகிற பிள்ளையைப் பார்த்து "போய்ப் படி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாத வீடு அவருக்கு வாய்த்தது. இதை மறைத்துவிட்டு, "அவர் முன்னேறவில்லையா, உன்னால் ஏன் முடியாது?" என்று தோட்டத்துப் பிள்ளையைக் கேட்பது நியாயம் ஆகாது. வசதி என்பது பணம் மட்டும் அன்று. பிள்ளையின் கால்களில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பதும் ஒரு வசதிதான்.

1960-ஆம் ஆண்டு ரோம் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, மலாயாவின் குழுவில் 400 மீட்டர் ஓடுவதற்காக ஜெகதீசனும் போனார். அப்போது அவருக்கு வயது 16. நம் கணக்கில் சொன்னால் நான்காம் படிவம் படிக்கும் பையன். முதற்கட்ட ஓட்டத்தோடு அவர் வெளியேற நேர்ந்தது. 16 வயதில் உலகத்தின் பெரிய வீரர்களோடு ஒரே கோட்டில் நின்றதே போதும் என்று பலர் அங்கேயே திருப்திப்பட்டிருப்பார்கள். அவர் அப்படி நிற்கவில்லை. இரண்டே ஆண்டில், 1962-இல், ஜக்கார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். மலேசியா என்ற பெயர் அப்போது பிறக்கவில்லை. மலாயாவின் கொடிதான் மேலே ஏறியது.

200 மீட்டர் ஓட்டம் என்றால் என்ன என்று சிறிது சொல்கிறேன். முறையான ஓட்டத் தடத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். ஆகவே 200 மீட்டர் என்பது அரைச் சுற்று. முதல் பாதி வளைவு, பின் பாதி நேர்க்கோடு. வளைவில் வேகமாக ஓடும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். மிதிவண்டியில் வேகமாக வளைவு திரும்புகிறவன் உட்பக்கம் சாய்கிறான் அல்லவா, அதுபோல ஓட்டக்காரனும் இடப்பக்கம் சாய்ந்து ஓட வேண்டும். சாய்ந்தும் ஓட வேண்டும், வேகமும் குறையக்கூடாது. 100 மீட்டர் ஓட்டக்காரனுக்கு வேண்டிய வேகமும், 400 மீட்டர் ஓட்டக்காரனுக்கு வேண்டிய தாக்குப்பிடிக்கும் வலிமையும் இதில் சேர்ந்து வேண்டும். வெளித்தடத்தில் நிற்பவர் முன்னால் நிற்பதைப் பார்த்து, "அவனுக்கு மட்டும் ஏன் சலுகை?" என்று நம் திடலில் சண்டை போடுவார்கள். சலுகை ஒன்றும் இல்லை. வெளிவளைவு நீளம் அதிகம் என்பதால், எல்லாருக்கும் தூரம் சரியாக 200 ஆகும்படி நிறுத்துகிறார்கள்.

1964-இல் தோக்கியோ ஒலிம்பிக். அங்கே 200 மீட்டரில் அரையிறுதி வரை போனார் ஜெகதீசன். ஒலிம்பிக் ஓட்டப் போட்டியில் அரையிறுதி என்பது சிறிய காரியம் அன்று. உலக நாடுகள் அனுப்பும் ஓட்டக்காரர்கள் கட்டங் கட்டமாக வடிகட்டப்பட்டு, கடைசியில் 16 பேர் மட்டுமே எஞ்சி நிற்கும் இடம் அது. அந்தத் தோக்கியோவில் நம் நாட்டுக்காக 400 மீட்டர் ஓடிய பெண் ஒருவரும் இருந்தார். அவர்தான் தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணி. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு வந்தது 1966. அந்த ஆண்டு டிசம்பரில் பேங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 100 மீட்டரில் தங்கம், 200 மீட்டரில் தங்கம், நால்வர் ஓடும் 100 மீட்டர் அஞ்சலோட்டத்தில் தங்கம் என மூன்று தங்கப் பதக்கங்கள் அவருக்கு. ஆசியாவிலேயே வேகமான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தோட்டங்களில் மின்சாரம் எட்டாத லயங்கள் பல. அங்கே செய்தியைக் கொண்டுவந்தவை கையடக்க டிரான்சிஸ்டர் வானொலியும், கடைக்காரர் வாங்கும் தமிழ்ப் பத்திரிகையும்தான். ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், ஜெரம், புக்கிட் ரோத்தான் என்று இந்த வட்டாரம் முழுவதும் தோட்டங்களாக இருந்த காலம் அது. பிள்ளைகள் திடலில் ஓடினால், "நான்தான் ஜெகதீசன்" என்று முதலில் கத்துகிறவனுக்கு அந்தப் பெயர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பத்து மலாய்ப் பிள்ளைகளும், பட்டணத்துச் சீனப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகள்தான் ஆன ஒரு புதிய நாடு மலேசியா. அந்த நாட்டுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது கிடைத்த முகங்களில் அவர் முகமும் ஒன்று. அவரை "நம்மவர்" என்று சொல்லிப் பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் நம்மவர் மட்டுமே என்று சொன்னால் அவரை நாமே குறுக்கியவர்கள் ஆவோம்.

அதே 1966-ஆம் ஆண்டுக்குத்தான் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை என்ற தேசிய விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. வீரர் ஜெகதீசன். வீராங்கனை யார் என்று நினைக்கிறீர்கள்? மேலே சொன்ன ராஜாமணிதான். பேங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் பெற்றவர் அவர். முதல் விருது இரண்டும் இரண்டு தமிழர்களுக்குப் போனதைப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். நான் நினைத்துப் பார்ப்பது வேறு. பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஓடுவதா என்று பல வீடுகளில் முணுமுணுத்த காலம் அது. அந்த முணுமுணுப்பை ராஜாமணி எந்தச் சொற்பொழிவும் செய்யாமல், ஒரே சுற்று ஓட்டத்தில் கடந்து போனார். தாய்மார்கள் இதைத் தங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இனி அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். இத்தனை தங்கம் வாங்கினாரே ஜெகதீசன், அதனால் எவ்வளவு சம்பாதித்தார்?

ஓடியதற்குக் கூலியாக எதுவும் இல்லை. அந்தக் காலத்து விதி அப்படி. ஒலிம்பிக் முதலிய போட்டிகளில் ஓடுகிறவர் விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளக்கூடாது. ஓடியதற்குப் பணம் வாங்கினார் என்று தெரிந்தால் அவரைப் போட்டியிலிருந்தே விலக்கிவிடுவார்கள். அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஜிம் தார்ப் என்பவர் 1912-இல் சுவீடனில் நடந்த ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன்பு அவர் பேஸ்பால் ஆட்டத்தில் சொற்பத் தொகை வாங்கியிருந்தார் என்று கண்டுபிடித்து, மறு ஆண்டே இரண்டையும் பறித்துக்கொண்டார்கள். அவருக்கு அவை திரும்பக் கிடைத்தது 1982-இல் எடுத்த முடிவினால். அப்போது அவர் இறந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தக் கடுமையான விதி 1980-களில்தான் மெல்லத் தளர்ந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்த விதி ஒரு பொருட்டில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது கழுத்தில் கட்டிய கல். விளையாட்டின் தூய்மைக்காக வைத்த விதி என்பார்கள். எனக்கென்னவோ, வயிறு நிறைந்தவர்கள் செய்த விதியாகவே அது தோன்றுகிறது.

ஆகவே ஜெகதீசன் ஓடிக்கொண்டே படித்தார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். மருத்துவப் படிப்பு என்றால் உங்களுக்குத் தெரியும். மற்றப் படிப்புகளைவிட ஆண்டுகள் அதிகம், இரவு பகல் அதிகம். பகலில் பாடமும் மருத்துவமனையும், அதற்கு நடுவே ஓட்டப் பயிற்சி. "பறக்கும் டாக்டர்" என்ற பட்டம் அவர் காலைப் பார்த்து மட்டும் வந்தது அன்று. இந்த இரண்டையும் சேர்த்துச் சுமந்ததைப் பார்த்து வந்தது.

1968-இல் மெக்சிக்கோ நகர ஒலிம்பிக். அதுவே அவருடைய கடைசிப் பெரிய போட்டி. மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் கேமரன் மலை ஊர்களைவிட உயரம். அவ்வளவு மேலே காற்று லேசாக இருக்கும். நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கும், திணறுவான். குறுந்தூரம் ஓடுகிறவனுக்கோ எதிர்க்காற்றின் தடை குறைவதால் சிறிது அனுகூலம். அதுவரை ஒலிம்பிக்கில் கரித்தூள் பரப்பிய தடத்தில்தான் ஓடுவார்கள். மெக்சிக்கோவில்தான் முதன்முதலாக ரப்பர் போன்ற செயற்கைத் தடம் போட்டிருந்தார்கள். அங்கே 200 மீட்டரில் ஜெகதீசன் ஓடிய நேரம் 20.92 வினாடி. இறுதிப் போட்டிக்கு அவர் தேறவில்லை. அந்த 200 மீட்டரில் தங்கம் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித், பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தித் தம் மக்களின் மானத்துக்காகக் குரல் கொடுத்தார். உலகமே அதைப் பேசியது. அந்தப் பேரிரைச்சலில் ஓர் ஆசிய மருத்துவ இளைஞரின் 20.92-ஐ அன்று யார் கவனித்திருப்பார்கள்?

அந்த 20.92-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 200 மீட்டரை அந்த நேரத்தில் கடந்தால், ஒரு வினாடிக்கு ஒன்பதரை மீட்டருக்கு மேல். மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம். தோட்டத்து மண் சாலையில் கவனமாகப் போகிற மோட்டார் சைக்கிளின் வேகம் அது. அதை ஒருவர் தம் இரு கால்களால் ஓடினார்.

மெக்சிக்கோவோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார் ஜெகதீசன். அப்போது வயது 24. 25 நிறையச் சில வாரங்களே இருந்தன. இந்த வயதைக் கேட்டதும் எனக்கு வேறொரு நாட்டு வீரர் நினைவுக்கு வருகிறார். அவருடைய கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காலம் எப்படி மாறியது என்று விளங்கும். நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே ஐனார் பியோர்ண்டாலன் என்பவர் அவர். 1974-இல் பிறந்து, 2018-இல், 44-ஆம் வயதில் ஓய்வு பெற்றார்.

நார்வே, பூமிப் பந்தின் வட கோடியில் உள்ள நாடு. மழைக்காலம் வந்தால் நம் பாதைகளில் சேறு போல, குளிர்காலம் வந்தால் அங்கே எங்கும் பனி. காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிமேல் சறுக்கிப் போவது அவர்களுக்கு நடை பழகுவது போன்றது. பியோர்ண்டாலனின் விளையாட்டில், முதுகில் ஒரு துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பனியில் பல கிலோமீட்டர் சறுக்கி ஓட வேண்டும். நடுநடுவே நின்று, 50 மீட்டர் தூரத்தில் உள்ள ஐந்து வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது வட்டம் ஓர் எலுமிச்சம்பழ அளவு; நின்று சுடும்போது உரித்த தேங்காய் அளவு. ஒன்று தவறினாலும் தண்டனை. பல போட்டிகளில் அது 150 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வருவது. ஓடி வந்த மூச்சு இரைக்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், அந்த நிலையில் கை அசையாமல் குறி பார்க்க வேண்டும். ஓட்டமும் வேண்டும், அடக்கமும் வேண்டும். ஓட்டத்தையும் மருத்துவப் படிப்பையும் ஒருசேரச் செய்தவரைப் பற்றிப் பேசும்போது இந்த விளையாட்டு நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

பியோர்ண்டாலன் ஒலிம்பிக்கில் 8 தங்கப் பதக்கம் பெற்றார். 2002-இல் அமெரிக்காவில் சால்ட் லேக் நகரில் இந்த விளையாட்டின் நான்கு பிரிவிலும் தங்கம் அவருக்கே. 2014-இல், 40 வயதில், மறுபடி இரண்டு தங்கம். அவரைப் பற்றி ஒரு வேடிக்கையும் சொல்வார்கள். கிருமி பட்டுக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயந்து, போகிற விடுதிக்கெல்லாம் சொந்தமாகத் தூசு உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுபோய்த் தாமே அறையைச் சுத்தம் செய்வாராம். ரசிகர்கள் கை நீட்டினாலும் கை கொடுக்க யோசிப்பாராம். அப்படியும் அவர்கள் அவரை வெறுக்கவில்லை. பனியில் நின்று மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் இதயத் துடிப்பில் கோளாறு ஏற்பட்டதால் கண்ணீரோடு விடைபெற்றார்.

44 வயது வரை அவரால் ஓட முடிந்தது ஏன்? விளையாட்டே அவருக்குத் தொழில். பயிற்சியாளர், மருத்துவர், ஊதியம், விளம்பர வருமானம் எல்லாம் உண்டு. ஜெகதீசன் 24 வயதில் நின்றது கால் ஓய்ந்து அன்று. கடைசிப் பெரிய போட்டியில்தான் அவர் வாழ்நாளின் சிறந்த நேரத்தை ஓடினார் என்பதைப் பாருங்கள். கால் இன்னும் வேகம் கூடிக்கொண்டிருந்தபோதே, வாழ்க்கைக்கு வழி செய்யும் தொழிலுக்கு அவர் திரும்ப வேண்டியிருந்தது. இன்னும் நான்கு ஆண்டு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எனக்கு உண்டு. பதில் யாரிடமும் கிடையாது.

தொழிலில் அவர் மறைந்துவிடவில்லை. அரசாங்கச் சுகாதாரத் துறையில் மருத்துவராகப் பணிபுரிந்து, சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். விளையாட்டு மருத்துவத்தையும் விடவில்லை. ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு அமைப்புகளில் மருத்துவப் பொறுப்பு ஏற்று, ஊக்க மருந்துச் சோதனையில் ஈடுபட்டார். ஊக்க மருந்து என்பது உடம்பின் இயற்கையான வலிமைக்கு மேலே வலிமை ஏற்றத் திருட்டுத்தனமாக எடுக்கும் மருந்து. அது பந்தயத்தில் மற்றவனை ஏமாற்றுவது மட்டும் அன்று. கல்லீரல், இதயம் ஆகியவற்றுக்கும் கேடு செய்வது. இதைக் கண்டுபிடிக்க, ஓடி முடித்தவரின் சிறுநீரை இரண்டு புட்டிகளில் முத்திரையிட்டு எடுத்துச் சோதிப்பார்கள். முதற்புட்டியில் மருந்து தெரிந்தால், மறுப்புக்கு இடமில்லாதபடி இரண்டாம் புட்டியையும் சோதிப்பது வழக்கம்.

1988-இல் சோலில் நடந்த ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடினார். உலகமே வாய்பிளந்தது. மூன்றே நாளில் ஊக்க மருந்து தெரிந்து தங்கம் பறிபோயிற்று. சம்பாதிக்கப் பல ஆண்டு பிடித்த புகழ், போக மூன்று நாள். தாமே பந்தயத்தில் ஓடி, அந்தப் பரபரப்பை உள்ளிருந்து அறிந்த ஒருவர், வெள்ளை அங்கி அணிந்து இந்தச் சோதனையின் பக்கம் நின்றார் என்பதை நான் அவருடைய பதக்கங்களுக்குக் குறைவாக மதிக்கவில்லை. அங்கே கைதட்டல் கிடையாது. சில வேளை வசவுதான் கிடைக்கும்.

இதற்கிடையில் அந்த 20.92 என்ன ஆயிற்று? தேசியச் சாதனையாக ஏட்டில் ஏறி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆண்டுகள் போயின. செயற்கைத் தடங்கள் பல ஊர்களுக்கு வந்தன. பயிற்சி முறைகள் மாறின, காலணிகள் மாறின, வீரர்களுக்கு உதவித்தொகையும் வந்தது. தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் முயன்றார்கள், முடியவில்லை. 2017-இல்தான் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் என்ற மலாக்கா இளைஞர் 20.90 வினாடியில் ஓடி அதை முறியடித்தார். 49 ஆண்டுகளுக்குப் பிறகு, நூற்றில் இரண்டு பங்கு வினாடி. தூரமாகக் கணக்கிட்டால் 20 சென்டிமீட்டர்கூட இல்லை, ஒரு சாணுக்கும் குறைவு. ஓட்டத்தை நிறுத்தி அரை நூற்றாண்டு ஆன ஒருவரின் பெயர், அவரைப் பார்த்தே இராத பிள்ளைகளின் வாயில் இருந்ததற்கு இந்த ஒரு சாண் பெரிய காரணம். பதக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். சாதனை அப்படியல்ல, ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவன் அதை விரட்டிக்கொண்டு ஓடுகிறான், விரட்டும்போதெல்லாம் பழைய பெயர் மறுபடி சொல்லப்படுகிறது.

குறுந்தூர ஓட்டம் எல்லாப் பிள்ளைக்கும் வராது. வேகம் இல்லாவிட்டாலும் தளராத கால் உள்ள பிள்ளைகள் தோட்டங்களில் பலர். அவர்களுக்கு ஜி. சரவணனைச் சொல்ல வேண்டும். 1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது, 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றவர் அவர். காமன்வெல்த் திடல்தடப் போட்டியில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 50 கிலோமீட்டர் என்றால் கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளான் பட்டணத்தையும் தாண்டிப் போகும் தூரம். அதை நான்கு மணி பத்து நிமிடத்தில் நடந்தார். ஓடக்கூடாது, எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கும் காலின் முழங்கால் மடங்கக்கூடாது. வழியெல்லாம் நடுவர்கள் நின்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அன்று சாலையோரம் நின்று கத்தியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள்.

சரி, தோட்டத்துப் பிள்ளை ஒருவன் நன்றாக ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எங்கே போவது? பள்ளிப் போட்டியில் தேறினால் மாவட்டப் பள்ளிகளுக்கான போட்டி, அதில் தேறினால் மாநிலம், அதற்கு மேல் தேசிய அளவு. தமிழ்ப்பள்ளி மாணவனும் இந்தப் படிகளில் ஏறலாம். 1996-இல் தொடங்கிய புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்றவற்றில் தங்கி, பாடத்தையும் பயிற்சியையும் சேர்த்துப் பெறுவதற்கும் வழி உண்டு. ஆனால் நான் கண்டவரை, நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் மேலே இல்லை. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற முதல் இரண்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது. பள்ளி தோட்டத்திலிருந்து பல மைல். பயிற்சி மாலையில். பள்ளிப் பேருந்தோ மதியமே கிளம்பிவிடும். பயிற்சிக்கு நின்றால் வீடு திரும்ப வண்டி இல்லை. இப்படித்தான் ஓட்டம் நிற்கிறது, காலில் வேகம் இல்லாமல் அன்று. அந்தத் தகப்பனாரிடம் இதைத்தான் பேசினோம். அவர் தோட்டத்தில் அந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஆறு பேர். ஆறு வீடும் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு நாள் மாலையில் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டால் தலைக்கு எவ்வளவு வரும் என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்தார்.

கடைசியாக, வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. உங்கள் தோட்டத்தில் பந்து விளையாடும் திடல் இருக்கும். முழு அளவுத் திடலானால் நீளம் சுமார் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். ஒரு நீளப் பக்கமும் ஓர் அகலப் பக்கமும் ஓடினால் 173 மீட்டர் ஆயிற்று. அடுத்த நீளப் பக்கத்தில் 27 மீட்டரைக் கயிற்றால் அளந்து ஒரு குச்சி நடுங்கள். அதுதான் 200. சிறிய திடலானால் முழுவதையும் கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். மூலையில் கூர்மையாகத் திரும்பாமல் வளைந்து திரும்புங்கள், இல்லாவிட்டால் கணுக்கால் பிசகும். அண்ணனோ அக்காளோ கைத்தொலைபேசியில் நேரம் பிடிக்கட்டும். 30 வினாடியில் ஓடி முடித்தால் உங்கள் வயதுக்கு நல்ல ஓட்டம்தான். அப்படி ஓடுகிறவரோடு மெக்சிக்கோவில் ஓடிய ஜெகதீசனும் சேர்ந்து ஓடியிருந்தால், அவர் குச்சியைத் தாண்டும் அந்தக் கணத்தில் உங்களுக்கு இன்னும் 60 மீட்டர் மீதம் இருக்கும். அது எவ்வளவு தூரம் என்று திடலில் நின்று ஒருமுறை அளந்து பாருங்கள்.